காலிங்குலா என்றொரு ஆள்

போன மார்கழியில் சென்னையில் படிக்கும் என் பேரன் வாட்ஸ்ஆப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான். ‘வழக்கொழிந்த அழகான ஆங்கிலச் சொற்கள்’ என்று தலைப்பு. தாத்தா பல வருஷம் வருவாய்த் துறையில் பழைய ஆங்கிலக் காகிதங்களோடு மாரடித்தவர், இது பிடிக்கும் என்று நினைத்திருப்பான். பிடிக்கத்தான் செய்தது.

‘ஓவர்மாரோ’ என்று ஒரு சொல். நாளை மறுநாள் என்று அர்த்தம். இன்றைய ஆங்கிலத்தில் அதைச் சொல்ல நாலு வார்த்தை வேண்டும். நம் ஊரில் ‘நாளக்கழிச்சு’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ‘ஏப்ரிசிட்டி’ என்று இன்னொன்று. 1623-ல் ஹென்றி காக்கரம் என்பவர் போட்ட அகராதியில் இருக்கிறதாம். குளிர்காலத்து வெயில் தரும் இதம். மார்கழிக் காலையில் திண்ணையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறோமே, அந்தச் சுகத்துக்கு அவர்கள் ஒரு பெயர் வைத்திருந்து பிறகு தொலைத்துவிட்டார்கள். ‘குரோக்’ என்றால் அடுத்தவர் சாப்பிடும்போது நமக்கும் ஒரு வாய் கிடைக்காதா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது. இதற்கு எங்கள் தெரு நாயை உதாரணம் காட்டலாம். சில உறவினர்களையும் காட்டலாம், வேண்டாம்.

நான் பதிலுக்கு ஒரு கேள்வி அனுப்பினேன். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. காலிங்குலான்னா என்னன்னு சொல்லு பாப்போம்.”

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. “ரோமாபுரி ராஜா தாத்தா. குதிரைக்குப் பெரிய பதவி குடுக்கப் பாத்தவரு.”

“அது கலிகுலா. நான் கேட்டது காலிங்குலா. அதுவும் ஆங்கிலச் சொல்தான். நம்ம ஊர்ல பொறந்தது.”

அதற்கு அப்புறம் அவனிடமிருந்து சத்தத்தைக் காணோம். போனுக்கே தெரியவில்லை போலிருக்கிறது.

அவனைக் குறை சொல்லி என்ன? எனக்கே 24 வயது வரை தெரியாது. 1974-ல் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு தாலுகா ஆபீஸ் ரிக்கார்டு ரூமில் பழைய கட்டுகளுக்கு அட்டவணை எழுதும் வேலை கொடுத்தார்கள். ஒரு காகிதத்தில் இந்தச் சொல் நாலைந்து இடத்தில் வந்தது. எழுதியவர் தப்பாக எழுதிவிட்டார் என்று நானாக முடிவு செய்து, அட்டவணையில் ‘கலிங்கராயன் விவகாரம்’ என்று அழகாக எழுதி வைத்துவிட்டேன். ரிக்கார்டு கீப்பர் ஓய்வு பெறப்போகிற வயசுக்காரர். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏல, நீ எந்த ஊரு?”

ஊரைச் சொன்னேன்.

“உங்க ஊர்ல குளம் இருக்கா?”

“இருக்கு அண்ணாச்சி.”

“மழ காலத்துல குளம் பெருகினா தண்ணி எது வழியாப் போவும்?”

“கலுங்கு வழியா மறுகால் பாயும்.”

“அந்தக் கலுங்கத்தாம்ல வெள்ளக்காரன் காலிங்குலான்னு எழுதியிருக்கான். போயி அடிச்சிட்டு எழுது.”

அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கலுங்கிலே குதித்து விளையாடி வளர்ந்தவன் நான். அந்தச் சொல் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு எதிரே வந்ததும் அடையாளம் தெரியவில்லை.

அதற்கப்புறம் இப்படிப்பட்ட சொற்கள் மேல் எனக்கு ஒரு பைத்தியம். பழைய ஆங்கிலச் சொல் என்று இங்கிலாந்துக்காரன் தொலைத்ததையெல்லாம் நம் பிள்ளைகள் தேடிப் பிடித்துப் பகிர்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நம் தாமிரபரணிக் கரையிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், நூறு நூற்றைம்பது வருஷம் சர்க்கார் காகிதங்களில் வாழ்ந்து, இப்போது அங்கேயும் செத்து இங்கேயும் சாகக் கிடக்கிற சொற்களை யார் தேடுகிறார்கள்? இதை நான் ரசனைக்காகக் கேட்கவில்லை. சொத்து விவகாரம், தண்ணீர் விவகாரம். பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொற்கள் எங்கே கிடைக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்று ஒரு அகராதி இருக்கிறது. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் பேச்சிலும் எழுத்திலும் புழங்கிய நாட்டுச் சொற்களுக்கு அகராதி. மொகரத்தில் மார்பில் அடித்துக்கொண்டு ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்று சொல்வது வெள்ளைக்காரச் சிப்பாயின் காதில் விழுந்த விதம்தான் ஹாப்சன்-ஜாப்சன். ஹென்றி யூல், ஆர்தர் பர்னெல் என்று இரண்டு பேர் சேர்ந்து தொகுத்தது. பர்னெல் சென்னை மாகாணத்து ஐ.சி.எஸ். மாதிரியான அதிகாரி. தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தார். அங்கே அரண்மனையிலிருந்த சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவரும் அவரே. புத்தகம் 1886-ல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1882-ல் 42 வயதிலேயே போய்விட்டார். 1903-ல் வில்லியம் குரூக் திருத்திப் போட்ட பதிப்புதான் இன்று பெரும்பாலும் கிடைப்பது. அதற்கு முன்பே 1855-ல் எச்.எச். வில்சன் என்பவர் நீதி, வருவாய்ச் சொற்களுக்கு மட்டும் தனியாக ஒரு பெரிய அகராதி போட்டிருக்கிறார். அது கோர்ட்டுக்கும் கச்சேரிக்கும் வேலைக்கு உதவ வேண்டும் என்றே செய்தது. இந்த இரண்டும் என் அலமாரியில் இல்லை, ஆனால் இப்போது கம்ப்யூட்டரில் இலவசமாகவே பார்க்கலாம்.

ஹாப்சன்-ஜாப்சனில் நம் திருநெல்வேலிக்கே ஒரு பதிவு உண்டு. டின்னவெல்லி என்று இருக்கும். திரு, நெல், வேலி என்று பிரித்து அர்த்தமும் சொல்லியிருப்பார்கள். தூத்துக்குடியும் உண்டு, ட்யூடிகாரின் என்ற வேஷத்தில்.

இந்தப் பள்ளத்தாக்கு ஆங்கிலத்துக்குக் கொடுத்தது, அல்லது இந்தப் பள்ளத்தாக்கில் தினமும் புழங்கியது என்று பார்த்தால் முதல் சொல் ஆனிக்கட். நம் அணைக்கட்டுதான். இங்கிலாந்தில் ஆற்றுக்குக் குறுக்கே கட்டுவதற்கு ‘வியர்’ என்று சொந்தமாக ஒரு பழைய சொல் வைத்திருந்தார்கள். ஆனாலும் இங்கே வந்த இன்ஜினியர்கள் ஆனிக்கட் என்றே எழுதினார்கள். கல்லணையை கிராண்ட் ஆனிக்கட் என்றார்கள். ஆர்தர் காட்டன் 1836-ல் கொள்ளிடத்தில் கட்டியதற்கு அப்பர் ஆனிக்கட், லோயர் ஆனிக்கட் என்று பெயர். நம் ஆற்றில் எட்டு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியாக ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே இருந்தவை. ஸ்ரீவைகுண்டம் மட்டும் 1870-களில் அவர்கள் காலத்தில் முடிந்தது. ஏழு அணையைக் கட்டி வைத்துக்கொண்டு நிற்கிற ஊரில் வந்து எட்டாவதைக் கட்டுகிறவன், பெயரையாவது இங்கிருந்து எடுக்கத்தானே வேண்டும்!

இப்போது பேப்பரில் என்ன எழுதுகிறார்கள்? ‘மருதூர் தடுப்பணை’ என்று ஒரு நாள் பார்த்தேன். டீ ஆறிப்போனது. தடுப்பணை என்பது சின்ன ஓடையில் தண்ணீரைத் தேக்கி நிலத்தடிக்கு இறக்குவதற்குக் கட்டுவது. அணைக்கட்டின் வேலை தேக்குவது இல்லை. ஆற்று மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி இரண்டு பக்கத்துக் கால்வாயிலும் தண்ணீரை ஏற்றிவிட்டு, மிச்சத்தைத் தலைக்கு மேலே போகவிடுவது. மருதூரிலிருந்து மேலக்கால், கீழக்கால் பிரிகிறது. அந்தக் கால்களை நம்பிக் குளங்கள். குளங்களை நம்பி வயல். இரண்டும் வெவ்வேறு சாமான். ஒரு சொல்லை மாற்றினால் சாமானின் வேலையே மறந்துபோகிறது.

காலிங்குலாவும் அப்படித்தான். அதற்கு ‘சர்ப்ளஸ் வியர்’ என்று சொல்ல அவர்களால் முடியாதா? பிற்பாடு அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் நம் கலுங்கில் ஒரு விசேஷம் இருந்தது. அதன் மேல் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வரும்போது கல்லுக்கு நடுவே தண்ணீர் தாராளமாகப் போகும். மழை ஓய்கிற சமயம் பார்த்துக் கல்லுக்குக் கல் புல்கத்தையும் மண்ணும் பலகையும் வைத்து அடைத்துவிட்டால் குளத்தில் இன்னும் ஒரு முழம் தண்ணீர் நிற்கும். அந்த ஒரு முழம்தான் கடைசி நனைப்புக்கு உயிர். எப்போது அடைப்பது, எப்போது பிரிப்பது என்பதில்தான் ஊரே இருந்தது. மேல்மடைக்காரனுக்கு அடைக்க வேண்டும். குளத்துக்குள் ஓரமாகப் பயிர் வைத்தவனுக்குப் பிரிக்க வேண்டும். இந்தச் சண்டைகள்தான் கோர்ட்டுக்குப் போய், இங்கிலீஷ் ஜட்ஜுமென்டுகளில் காலிங்குலா காலிங்குலா என்று நிறைந்து கிடக்கின்றன.

எனக்கு ரொம்பப் பிடித்த இன்னொரு சொல் கோனிகோபொலி. ஏதோ கிரேக்க நாட்டுப் பட்டணம் மாதிரி இருக்கிறது, இல்லையா? கணக்கப்பிள்ளை! கொஞ்சம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், தெரியும். இது ஆங்கிலேயர்களுக்கும் முன்னால் போர்ச்சுக்கீசியர் நாக்கில் ஏறியது. 1542-ல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் ஊர்தோறும் ஜெபம் சொல்லிக்கொடுக்கவும் கோயிலைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வைத்தார். அவர்களைக் கணக்கப்பிள்ளை என்றே கடிதங்களில் குறிப்பிடுகிறார், போர்ச்சுக்கீசிய உச்சரிப்பில். மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் கேட்ட சொல் லிஸ்பனுக்குப் போய், பிறகு சென்னைக் கோட்டையில் கம்பெனிக் கணக்கு எழுதியவருக்குப் பட்டமாகி, கடைசியில் அகராதிக்குள் படுத்துக்கொண்டது. நம் கிராமங்களில் கர்ணம், கணக்குப்பிள்ளை என்று இருந்த பரம்பரை வேலையை 1980-ல் எடுத்துவிட்டு வி.ஏ.ஓ. கொண்டுவந்தார்கள். அப்போது நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். எடுத்தது சரிதான். சில கணக்குப்பிள்ளைகள் செய்த அக்கிரமம் ஊருக்கே தெரியும். ஆனால் அவர்களோடு ஒரு பெரிய மூட்டைச் சொல்லும் போய்விட்டது. அடுத்து வந்தவர்களுக்கு அதை யாரும் கைமாற்றிக் கொடுக்கவில்லை.

தோப்பு, ‘டோப்’ ஆகிப் பழைய சர்வே மேப்புகளில் பனைத்தோப்பும் மாந்தோப்புமாக நிற்கிறது. தோணி, ‘டோனி’ என்று தூத்துக்குடித் துறைமுகக் காகிதங்களில். சங்கு, ‘சாங்க்’. ஜேம்ஸ் ஹார்னல் என்ற மீன்துறை அதிகாரி 1914-ல் அதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். தலையாரி, ‘டாலியர்’. சாணை பிடிக்கிற குருந்தக்கல், ‘கொரண்டம்’. சுருட்டு, ‘செரூட்’. கஞ்சி எல்லோருக்கும் தெரிந்தது, ஆனால் ‘காஞ்சி ஹவுஸ்’ என்றால் பட்டாளத்தில் தப்புச் செய்த சிப்பாயை அடைத்து வைக்கும் அறை என்று தெரியுமா? உள்ளே கொடுப்பது கஞ்சி, அதனால் அந்தப் பெயர்.

கட்டுமரம் பட்ட பாடு தனிக்கதை. இரண்டு மூன்று கட்டையைக் கயிற்றால் கட்டியது நம்முடையது. இப்போது உலகம் முழுக்க ‘கேட்டமரான்’ என்றால் இரட்டை உடல் வைத்த ஆடம்பரப் படகு. நடுவில் 1804-ல் நெப்போலியன் காலத்தில் பிரெஞ்சுக் கப்பல்களை வெடி வைத்துத் தகர்க்க இங்கிலாந்து மிதக்கவிட்ட வெடிகுண்டுப் பெட்டிக்கும் அந்தப் பெயர். இதெல்லாம் போகட்டும், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சண்டைக்காரக் கிழவியையும் கேட்டமரான் என்றார்கள். இதை வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

மிளகுத்தண்ணி, ‘மல்லிகட்டானி’ ஆனது எல்லோருக்கும் தெரியும். அதையே குடித்துக் குடித்துச் சென்னை மாகாணத்து வெள்ளை அதிகாரிகளுக்கு ‘மல்’ என்று பட்டப்பெயர் விழுந்தது பலருக்குத் தெரியாது. சமீபத்தில் ஒரு கல்யாண பஃபேயில் மல்லிகட்டானி சூப் என்று எழுதி வைத்திருந்தார்கள். மாவு கரைத்து ஊற்றி ஏதோ கொழகொழவென்று இருந்தது. என் தங்கச்சி ஒரு வாய் குடித்துவிட்டு, “அண்ணே, இதுல மிளகும் இல்ல, தண்ணியும் இல்ல” என்றாள்.

மருந்துக்கடைப் பக்கம் போனால் டின்னவெல்லி சென்னா. நம் கரிசல் பக்கம் விளையும் நிலாவாரை. பிரிட்டிஷ் பார்மகோபியாவில் அலெக்ஸாண்டிரியா ஒரு வகை, டின்னவெல்லி ஒரு வகை என்று ஊர்ப்பெயரோடு ஏறியது. உலகத்தில் எத்தனையோ பேருக்குத் திருநெல்வேலி என்றால் அல்வா இல்லை, பேதி மருந்து. இனிப்பும் நாமே, அதற்கு மாற்றும் நாமே.

இங்கே ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்லிவிட வேண்டும். இப்படிப்பட்ட பட்டியல்களைப் பார்த்ததும் நம்மவர்களுக்கு உற்சாகம் தலைக்கேறி, ஆங்கிலமே தமிழிலிருந்து வந்ததுதான் என்று கிளம்பிவிடுகிறார்கள். எட்டிலிருந்து ‘எயிட்’, ஒன்றிலிருந்து ‘ஒன்’, காசிலிருந்து ‘கேஷ்’. தினம் காலையில் இப்படி நாலு செய்தி வருகிறது. எட்டு என்பதன் வேர் எண். எண்பது, எண்ணூறு, எண்ணாயிரம் என்று பார்த்தாலே தெரியும். ‘எயிட்’டின் சொந்தக்காரர்கள் லத்தீன் ஆக்டோவும் சமஸ்கிருத அஷ்டமும். ஒன்றுக்கு வேர் ஒரு, ஓர். அவர்களுடைய ‘ஒன்’ பழைய காலத்தில் ‘ஆன்’ என்று இருந்தது. தெருவில் இரண்டு பேர் முகஜாடை ஒத்துப்போனால் அண்ணன் தம்பி என்று சொல்லிவிட முடியுமா?

கேஷ் விஷயம் இன்னும் வேடிக்கை. ஆங்கிலத்தில் இரண்டு கேஷ் இருந்தன. கையிருப்புப் பணம் என்று இன்று சொல்லும் கேஷ் பிரெஞ்சுப் பெட்டியிலிருந்து வந்தது. பணப்பெட்டிக்கு ‘கேஸ்’ என்று பெயர். இன்னொரு கேஷ் நம் காசுதான், செப்புக்காசு. கம்பெனி காலத்துச் சென்னையில் 80 கேஷ் ஒரு ஃபனம், 42 ஃபனம் ஒரு பகோடா. ஃபனம் என்பது நம் பணம். 1818-ல் ரூபாயைக் கணக்காக்கிய பிறகு இந்தக் கேஷும் ஃபனமும் மெல்ல மறைந்துபோயின. உண்மையாக நமக்குச் சேர வேண்டிய கேஷ் செத்துப்போனதை யாரும் கவனிக்கவில்லை. உயிரோடு இருக்கிற அடுத்த வீட்டுக் கேஷுக்கு உரிமை கொண்டாடுகிறோம்.

இடையன்குடியில் 1841-லிருந்து இருந்து, 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை இந்த ஊர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். அவரும் கிரேக்கத்து ‘ஒரிசா’ நம் அரிசியிலிருந்து போனது, எபிரேயத்தில் மயிலைக் குறிக்கும் ‘துக்கி’ நம் தோகை என்றெல்லாம் எழுதினார். தோகையைப் பலர் ஏற்கிறார்கள். அரிசி பற்றி அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. கால்டுவெல் அளவுக்குப் படித்தவர் சொன்னதையே சோதித்துப் பார்க்கிறார்கள் என்றால் வாட்ஸ்ஆப்பில் வருவதைச் சோதிக்கக் கூடாதா?

சரி, சொத்து விவகாரத்துக்கு வருகிறேன்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஆற்றுக்கு வடக்கே ஒரு கிராமத்திலிருந்து நாலு பேர் என்னைத் தேடி வந்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். அவர்கள் குளத்து மறுகால் ஓடையை யாரோ மண்ணடித்து மனைகளாகப் போட்டு விற்கிறார்கள். ஊர்க்காரர்களிடம் நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கோர்ட்டுத் தீர்ப்பின் நகல் இருந்தது. ஆங்கிலத்தில். ஓடை எங்கே ஆரம்பிக்கிறது, எத்தனை அடி அகலம், யார் தூர்வார வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அதைத் தமிழாக்கி மனுவோடு வைத்திருக்கிறார்கள். மனு திரும்பி வந்துவிட்டது.

தமிழாக்கத்தை வாங்கிப் பார்த்தேன். ‘காலிங்குலா என்பவருக்குத் தெற்கே 60 அடி அகலமுள்ள நிலம்’ என்று இருந்தது.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கலுங்கு ஒரு ஆளாகிவிட்டது. அவருக்குத் தெற்கே நிலம் வேறு! எதிர்த்தரப்பில் கேட்டிருக்கிறார்கள், யார் அந்தக் காலிங்குலா, அவருக்குப் பட்டா இருக்கிறதா, வாரிசு யார் என்று. அ-பதிவேட்டில் அப்படி ஒருவர் இல்லை என்று ஆபீஸிலும் எழுதிவிட்டார்கள். இதில் யாரையும் அயோக்கியன் என்று சொல்ல மாட்டேன். மொழிபெயர்த்த பையன் அகராதியில் தேடியிருக்கிறான், கிடைக்கவில்லை. பெரிய எழுத்தில் ஆரம்பித்ததால் ஆள் பெயர் என்று நினைத்துவிட்டான். 24 வயதில் நான் செய்த அதே காரியம். ஆனால் என் தலைக்கு மேலே ஒரு ரிக்கார்டு கீப்பர் இருந்தார். அவன் தலைக்கு மேலே யாரும் இல்லை.

வந்தவர்களிடம், “இது உங்க கலுங்குதான் வே” என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர்களில் பெரியவர், “கலுங்குன்னு எழுதியிருந்தா நாங்களே சொல்லியிருப்பமே” என்றார்.

திருத்தி மறுபடி மனு போட்டார்கள். ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் நாலு வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. 60 அடி ஓடையில் கடைசியில் தக்கியது பாதி இருக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்று, நூற்றுக்கணக்கான பேர் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். குளங்கள் வரிசையாக உடைந்தன. நான் சொன்ன கிராமத்தில் குளம் உடையவில்லை, புண்ணியம். ஆனால் மறுகால் தண்ணீர் போக வழியில்லாமல் வடக்குத் தெருவுக்குள் திரும்பியது. அந்த மழைக்கு 60 அடி ஓடை இருந்தாலும் போதியிருக்குமா என்று கேட்டால் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. முப்பது அடியில் போகாது என்பது மட்டும் தெரியும்.

வ.உ.சி. மைதானத்தில் காலை நடையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், என் நண்பர், கோபித்துக்கொண்டார். “என்ன வே, வெள்ளைக்காரன் வாய்க்குள்ள கொழஞ்சு போன சொல்லையெல்லாம் கட்டிக் காக்கணுங்கீரு? கலுங்குன்னு நல்ல தமிழ் இருக்கும்போது காலிங்குலா எதுக்கு? அது அடிமைத்தனத்தோட எச்சம்.”

அவர் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பாளையக்காரரைப் ‘பாலிகர்’ என்று எழுதிய கையே அந்தச் சொல்லுக்குக் கலகக்காரன், கொள்ளைக்காரன் என்ற தொனியையும் ஏற்றியது. கட்டபொம்மனைக் கயத்தாறில் 1799-ல் தூக்கிலிட்ட ஆங்கிலக் காகிதங்களைப் படித்தால் தெரியும். பறையர் என்ற பெயரை எடுத்து ஆங்கிலத்தில் வசைச்சொல்லாக்கிய கொடுமையும் இருக்கிறது. அந்தச் சொல்லை யாரும் புழங்கக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் நான் இந்தச் சொற்களைப் பேசச் சொல்லவில்லையே. படிக்கத் தெரிய வேண்டும் என்கிறேன். நம் தாத்தா வாங்கிய தீர்ப்பு அந்த மொழியில் இருக்கிறது. ஆட்சிமொழிச் சட்டம் 1956-ல் வந்தது, அதற்கு முந்தைய கட்டுகளெல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. பூட்டு வெள்ளைக்காரன் செய்தது என்பதற்காகச் சாவியைத் தூக்கி எறிந்தால் உள்ளே இருப்பது நம் சாமான் அல்லவா?

இன்னொன்றும் அவரிடம் சொன்னேன். கலுங்கு என்று நல்ல தமிழ் இருக்கிறது என்கிறீர்கள். எங்கே இருக்கிறது? இப்போது சர்க்கார் போர்டில் ‘உபரிநீர் போக்கி’ என்று எழுதியிருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கு அதுவும் தெரியாது, இதுவும் தெரியாது. நண்பர் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, “என் பேத்திகிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்” என்றார். மறுநாள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் யோசனை பெரிய செலவு வைக்காது. ஒவ்வொரு தாலுகா ஆபீஸிலும் சார்பதிவாளர் ஆபீஸிலும் நாற்பது பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் இருக்கட்டும். காலிங்குலா, ஆனிக்கட், ஆயக்கட்டு, பொரம்போக், நஞ்சை புஞ்சையின் பழைய ஆங்கில எழுத்துக்கள், குடிமராமத்து, கிஸ்து, பசலி. பசலி ஆண்டைக் கிறிஸ்து ஆண்டாக்க 590 கூட்ட வேண்டும், ஜூலையில் தொடங்கும் என்பது கூட இப்போது பலருக்கு மறந்துவிட்டது. வில்சனிலும் ஹாப்சன்-ஜாப்சனிலும் முக்கால்வாசி கிடைக்கும். மிச்சக் கால்வாசி இந்த ஊர் வழக்கு. அதைத்தான் அச்சில் எங்கும் பார்க்க முடியாது. எங்கள் பக்கத்தில் ஏரி என்று யாரும் சொல்ல மாட்டோம், எவ்வளவு பெரிதானாலும் குளம்தான். மறுகால், மடைக்குடும்பன் என்பதற்கெல்லாம் இந்தக் கரையில் என்ன அர்த்தம் என்று சொல்ல இன்னும் கொஞ்சம் பேர் உயிரோடு இருக்கிறோம். எனக்குத் தெரிந்ததை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். 130 சொல் வந்திருக்கிறது.

பொங்கலுக்குப் பேரன் வந்திருந்தான். மறுநாள் சாயங்காலம் அவனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு என் சொந்த ஊர்க் குளத்துக்குப் போனேன். குளம் முக்கால் இருந்தது. கலுங்கு மேல் ஏறி நின்று, “இதுதாம்ல உன் ரோமாபுரி ராஜா” என்றேன். சிரித்துவிட்டு போட்டோ எடுத்தான். பிறகு குத்துக்கல்லை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டே அந்தக் கரை வரை போய்த் திரும்பி வந்தான்.

“தாத்தா, பதினாறு இருக்கு. ரெண்டு எடத்துல குழி மட்டும் இருக்கு, கல்லக் காணோம்.”

என் சின்ன வயதில் பதினெட்டு இருந்தது.